கதாநாயகியின் அப்பா

மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இப்போது இன்பசேகரனின் கவலை. நெஞ்சில் வைத்தால் சட்டை ஏறி இறங்கும், கேமரா பிடித்துவிடும். வயிற்றில் வைத்தால் அதன்மேல் கிடக்கிற சம்பங்கி மாலை ஏறி இறங்கும். முதுகுக்கும் பெஞ்சுப் பலகைக்கும் நடுவில் எங்கேயாவது கொண்டுபோய் ஒளிக்கவேண்டும். விலாவின் பின்பக்கம் மட்டும் துளி விரிய, உதடு அசையாமல், வாய்வழியாகக் கொஞ்சம் இழுத்துக் கொஞ்சம் விடவேண்டும். தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய நூல் இறுக்கிப்போய் இடது கால் மரத்துக்கொண்டு வந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய்க்கு அடியில் அரித்தது. ஃபேனை நிறுத்திவிட்டார்கள், சத்தம் வரும், மாலையும் ஆடும். விளக்குச் சூட்டில் ஊதுவத்திப் புகை மேலே போகாமல் முகத்திலேயே நின்றது. வளசரவாக்கத்தில் சீரியல்காரர்களுக்கென்றே வாடகைக்கு விடுகிற வீடு இது. நேற்று இதே கூடத்தில் கல்யாணம் எடுத்திருக்கவேண்டும், தரையிலிருந்து இன்னும் சந்தனம் மணக்கிறது. “ஐயா, ரெடியா?” என்று உதவி இயக்குநர் பெண் ஜெபமலர் காதருகே குனிந்து கேட்டாள். பிணம் எப்படிப் பதில் சொல்லும்? இமையை ஒருமுறை இறுக்கிக் காட்டினார். அது போதும் அவளுக்கு. “பாடி ரெடி சார்” என்று குரல் கொடுத்தாள். பாடி. காலையில் இவர் உள்ளே நுழைந்தபோது இன்பசேகரன். மேக்கப் போடும்போது ஐயா. இப்போது பாடி.

போன வாரம் ஏஜெண்ட் குமரவேல் போன் செய்தபோது சொன்னது வேறு. “அண்ணே, இந்தத் தடவை பொணம் கெணம் இல்ல. கேரக்டர். கதாநாயகியோட அப்பா.” இன்பசேகரன் ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த சீரியல் அவருக்குத் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. சின்ன வயதில் விட்டுவிட்டுப் போன அப்பாவை அந்தப் பெண் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். கோயில் கோயிலாகப் போய்க் கேட்கிறாள், பஸ் ஸ்டாண்டில் போட்டோவைக் காட்டிக் கேட்கிறாள், அந்த போட்டோவிலும் முகம் அழிந்திருக்கும். அந்த முகம் நான்தான் என்று இன்பசேகரன் அன்று ராத்திரி சாப்பிடும்போது தேன்மொழியிடம் சொன்னார். “மொதல்ல இன்னா வசனம்னு கேட்டியா?” என்றாள் அவர் பெண்சாதி. வசனம் கிடக்கட்டும். ஓடிப்போன அப்பன் திரும்பி வருகிறான், வாசலில் மகள் நிற்கிறாள், அவன் முதலில் எதைப் பார்ப்பான்? முகத்தையா? அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் அவனுக்கு? காலைத்தான் பார்ப்பான். கொலுசு போட்ட சின்னக் காலை விட்டுவிட்டுப் போனவன், செருப்பு போட்ட பெரிய காலைப் பார்ப்பான். பிறகுதான் மெல்ல மெல்ல மேலே. இதைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் எத்தனை தடவை செய்துபார்த்தார். மேலே வந்து முகத்தைச் சேர்ந்ததும் “நல்லா இருக்கியாம்மா” என்று ஒரு வார்த்தை, அதுவும் பாதிதான் வெளியே வரவேண்டும். வேலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் செம்மலருக்கு போன் போட்டுச் சொன்னார். “நெஜமாவாப்பா? பேசுறியா, அதுல?” “பேசாம எப்பிடிம்மா, அப்பா வேஷமாச்சே.” அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியார் அந்த சீரியலை ஒருநாள் விடமாட்டாள். இன்று காலை இங்கே வந்து, வசனப் பேப்பரை யாரிடம் வாங்கவேண்டும் என்று ஜெபமலரைக் கேட்டபோது அந்தப் பெண் இவரை ஒரு மாதிரி பார்த்தாள். “ஐயா, உங்களுக்கு யாரும் சொல்லலையா? அப்பா வீட்டுக்கு வர்றதே செத்துப்போய்த்தான்.” பாவம், அவள் முகம்தான் வாடிப்போனது. இவர் சிரித்தார். அப்படியா, சரிம்மா என்றார். சரிம்மா என்று ஏன் சொன்னோம், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கவேண்டாமா என்று யோசிக்கும்போதே மேக்கப்காரர் கன்னத்தில் சாம்பல் நிறத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

“ஆக்‌ஷன்!” வாசல் பக்கமிருந்து ரூபலதா ஓடிவந்தாள். கதாநாயகி. கொலுசு, வளையல், அப்புறம் “அப்பா!” அப்படியே நெஞ்சின்மேல் விழுந்தாள். முழங்கை விலாவில் இடித்தது. அழுகை தொண்டையில்தான் இருக்கிறது, இன்னும் கீழேயிருந்து வரவேண்டும் என்று இன்பசேகரனுக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது, பிணத்துக்கு என்ன விமர்சனம். கிளிசரின் வாசனை. அவள் கன்னத்திலிருந்து வழிந்த ஒரு சொட்டு இவர் கழுத்தில் விழுந்து பின்னால் இறங்கியது. இறங்கட்டும். ஊர்வதை நினைக்காதே. நினைத்தால் தோல் சிலிர்க்கும், ரோமம் நிற்கும், நின்றால் தெரியும். “கட்! கட்! பஞ்சு ஆடுது.” இயக்குநர் நவீன் இவருடைய மருமகன் வயசு. “ஐயா, கொஞ்சம் செத்த மாதிரி இருங்கய்யா.” கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். செத்த மாதிரி. செத்து இருங்கள் என்று சொல்லவில்லை, செத்த மாதிரி என்றான். அந்த மாதிரி என்பது என்ன? அரசன் மாதிரி நின்றால், குடிகாரன் மாதிரி தள்ளாடினால் அது நடிப்பு. செத்த மாதிரி கிடந்தால் அது மட்டும் ஏன் நடிப்பில்லை? ரூபலதா அழுகிற மாதிரிதானே அழுகிறாள்? அவளுக்கு ஆர்ட்டிஸ்ட் என்று தனி அறை, ஏசி. இதை யாரிடம் கேட்பது, தாடையைக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். அழுவதற்குத் திறமை வேண்டும் ஐயா, படுப்பதற்கு என்ன வேண்டும் என்பார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் இதே படுக்கையைக் கலை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பேராசிரியர் எத்திராஜ். அப்போது இன்பசேகரன் குடியாத்தத்திலிருந்து வந்து பெரம்பூரில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலமானால் கையில் கிரீஸ் கறையோடு பேராசிரியரின் நவீன நாடகக் குழுவுக்கு ஓடிக்கொண்டிருந்த இளவட்டம். ஒரு ஊர் ஒரு பிணத்தைப் புதைக்க மறுக்கிறது. அதுதான் நாடகம். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை மேடை நடுவில் பிணம் கிடக்கவேண்டும். மற்றவர்கள் அதைச் சுற்றி நடந்தார்கள், கத்தினார்கள், உடம்பை முறுக்கினார்கள். பேராசிரியர் இவர் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார், “இன்பா, நீ ஒண்ணுமே செய்யக்கூடாது. ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுதான் நடிப்போட உச்சம்.” எப்படிப் புல்லரித்தது அன்றைக்கு. வேலைக்குப் போகிற ரயிலில் நின்றபடியே மூச்சை ஒளிக்கப் பழகினார். எழும்பூர் அரங்கில் நாடகம் முடிந்தபோது ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு கலந்துரையாடல். வெறுமை, மௌனம், இன்மை என்று என்னென்னவோ பேசினார்கள், எல்லாம் அந்தப் பிணத்தைப் பற்றித்தான். இன்பசேகரன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். ஜிப்பா போட்ட ஒருவர் திரும்பி இவரைப் பார்த்தார். நாடகத்தைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று இவர் நிமிர்ந்தார். “டீ இன்னும் வரலியேப்பா?” என்றார் அவர். அடுத்த மாதம் ஒரு சிறுபத்திரிகையில் விமர்சனம் வந்தது. மேடை நடுவில் கிடத்தப்பட்ட உடல் பேராசிரியரின் கற்பனைத் துணிச்சலுக்குச் சான்று என்று போட்டிருந்தது. கிடத்தப்பட்ட. பஸ்ஸில் வைத்துப் படித்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், பெயர் இல்லை. கிடத்தப்பட்ட. யார் கிடத்தினார்கள்? நானல்லவா படுத்தேன். இருமல் வந்ததை விழுங்கியவன் யார், எறும்பு கடித்தபோது கடிக்க விட்டவன் யார்? மூட்டையைக் கிடத்தலாம். இத்தனை வருஷமாகியும் அந்த வார்த்தை போகவில்லை. பல் சந்தில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு தானாக அங்கேயே போகிறது. அங்கே இது கலையாக இருந்தது, ஆனால் இவருடையதாக இல்லை. இங்கே இது இவருடையது, ஆனால் கலை இல்லை.

இரண்டாவது டேக்கில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம், மாலை கலைந்துவிடும் என்றார்கள். தண்ணீர் கேட்டார், தாடைக்கட்டோடு உளறலாகத்தான் வந்தது. “பொணம் தண்ணி கேக்குதுடா, பால ஊத்துங்க” என்று லைட்காரர்களில் ஒருவன் சொல்ல இன்னொருவன் அடக்கமுடியாமல் சிரித்தான். ஜெபமலர்தான் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி உதட்டை நனைத்தாள். மரத்த கால் இப்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்படிக் கிடக்கும்போது உண்மையிலேயே நின்றுவிட்டால்? வரவர இந்தப் பயம் அடிக்கடி வருகிறது. நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. டேக் நன்றாக வரும். பஞ்சு ஆடவில்லை, வெரி குட் ஐயா என்பான் நவீன். பேக்கப் சொல்லி எல்லோரும் சாப்பிடப் போனபிறகு எவனாவது மாலையை எடுக்க வந்து தட்டிப் பார்ப்பான். தன் அப்பா செத்தபோது இன்பசேகரன் ராத்திரி முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் எப்படி உள்ளே இறங்குகிறது, விரல்கள் எந்தக் கோணத்தில் மடங்குகின்றன, இமை முழுக்க மூடாமல் அடியில் ஒரு கீற்று வெள்ளை எப்படி நிற்கிறது. மேடைப்பேச்சு கேட்க லாரி ஏறி ஊர் ஊராகப் போன மனுஷன், இன்பம் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவர், கடைசியில் மகனுக்குப் பாடமாகக் கிடந்தார். விடிந்ததும் அத்தை ஒருத்தி சத்தமாகவே சொன்னாள், “பெத்த அப்பன் போயிட்டான், கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல பாரு, கல்லு.” அழுதால் கண் மங்கும் அத்தை, மங்கினால் எப்படிப் பார்ப்பது? அன்று பார்த்த அந்த வெள்ளைக் கீற்றைத்தான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். ஒருத்தர்கூட, ஒரே ஒரு கேமராக்காரர்கூட அதைக் கவனித்ததில்லை.

ஒருத்தி கவனித்தாள். செம்மலருக்கு அப்போது ஐந்து வயசு இருக்கும். பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இன்பசேகரன் லுங்கியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. “பாப்பா, இன்னாடா?” என்றார். அவள் ஒவ்வொரு அடியாக வந்தாள், ஆள்காட்டி விரலை நீட்டி இவர் மூக்குக்குக் கீழே வைத்தாள். மூச்சு படுகிறதா என்று பார்த்தாள். பட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. இவருக்குச் சிரிப்பு வந்தது, கையில் சோற்றோடு சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம்போல ராத்திரிகளில் அவர் தூங்கும்போது அந்த விரல் வந்து மூக்கடியில் நிற்கும். தேன்மொழி திட்டினாள், புள்ளைய பயமுறுத்தி வச்சிருக்கியே, வேற தொழிலே கெடைக்கலியா என்று. அவருக்கு உள்ளுக்குள் என்ன இருந்தது என்று இப்போது சொல்லலாம், யாருக்கும் கேட்காது. பெருமையாக இருந்தது. என் மகள் நம்பினாள். தமிழ்நாட்டில் ஒரே ஒரு ஜீவன் நான் செத்துவிட்டேன் என்று நம்பியது. பிறகு அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் “பொணத்தோட பொண்ணு” என்றார்கள். அப்பா கம்பெனியில் கணக்கு எழுதுகிறார் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு, சினிமாவில் நடிக்கிறேன் என்று இவர் வாயைத் திறந்துவிட்டார். அவர்கள் போனபிறகு சமையலறை வாசலில் நின்று அவள் கேட்டாள், கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள், “நீ எங்கப்பா நடிச்ச? படுத்த.”

“பஞ்ச எடுத்துடு. பாக்க நல்லா இல்ல, அப்பா கொஞ்சம் அழகா இருக்கட்டும்” என்றான் நவீன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஜெபமலர் பஞ்சை உருவினாள், திடீரென்று சம்பங்கி வாசனை மண்டைக்குள் ஏறியது. “ஆக்‌ஷன்!” கொலுசு, வளையல், அப்பா. இந்தத் தடவை ரூபலதா விழவில்லை. ஏன் என்று தெரியவில்லை, ஒருவேளை களைத்திருக்கலாம், ஓடிவந்தவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு மண்டியிட்டாள், தரையில் முட்டி படுகிற சத்தம் கேட்டது. “அப்பா” என்றாள், சின்னக் குரலில், அது கீழேயிருந்து வந்தது. இவர் மூக்குக்கு அடியில் விரலை வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவளுக்கே தோன்றியிருக்கிறது. சூடான விரல். இன்பசேகரன் மூச்சை நிறுத்தினார். நிறுத்தவேண்டும், பட்டுவிடக் கூடாது, பட்டால் அப்பன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துவிடும். பட்டால்தான் என்ன, படட்டுமே, அந்த வாசற்படியிலேயே நிற்கிறாள், ஒவ்வொரு அடியாக வருகிறாள், பாப்பா, பாப்பா, நான் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், பார். இமைக்கு அடியில் சூடாக எதுவோ நிறைவது தெரிந்தது. கூடாது. எறும்பை விட்டிருக்கிறேன், இருமலை விழுங்கியிருக்கிறேன், இது என்ன பிரமாதம். கண்ணின் கடைக்கோடியில் அது ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வழிந்து, சாம்பல் பூச்சில் கோடு போட்டுக்கொண்டு காதுக்குள் இறங்கியது.

“கட்! யோவ், பொணம் அழுவுதுய்யா!” கூடமே சிரித்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பைக் கேட்டால் அது எல்லாப் பக்கமும் இருக்கிறது. லைட்காரர்கள், மேக்கப்காரர், அழுவதற்காக உட்காரவைத்திருந்த பெண்கள்கூட. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. இது நடிப்பா? அடக்கமுடியாமல் வந்தது எப்படி நடிப்பாகும், சிறுநீர் மாதிரிதான் இதுவும். உணர்ச்சி உள்ளே வந்தால் நடிப்பு வெளியே போய்விடும் என்று பேராசிரியர் சொல்வார். அப்படியானால் இவ்வளவு நாள் நடித்தேன், இன்றைக்குத்தான் நடிக்கவில்லையா? இல்லை, இன்றைக்கு மட்டும்தானா? சிரிப்பு அடங்கியது. மானிட்டரில் அந்த டேக்கை ஓட்டிப்பார்க்கிறார்கள் போல. “அப்பா” என்ற சின்னக் குரல் மறுபடி கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. இன்பசேகரன் கண்ணைத் திறக்காமலேயே கழுத்துவரை அந்த மௌனத்தில் கிடந்தார். ரூபலதாவின் குரல் கேட்டது, “சார், இதையே வெச்சுக்கலாமே. எனக்கு உடம்பு சிலிர்க்குது.” நவீன் யோசிக்கிறான். இன்பசேகரனுக்குக் கேட்டது, அவன் நாற்காலி பின்னால் நகர்வதுகூடக் கேட்டது. சொல்லு தம்பி. ஒரு வார்த்தை. வைத்துக்கொள்ளாவிட்டாலும் போகட்டும், யார் இந்த ஆள், பெயர் என்ன என்று மட்டும் ஜெபமலரைக் கேள். “நல்லாத்தான்மா இருக்கு” என்றான் நவீன். “ஆனா கதைல செத்துட்டாரே. நாளைக்கு சேனல்ல நம்மளக் காய்ச்சிடுவான்.” பிறகு ஜெபமலரிடம், “மூஞ்சில துணியப் போத்திடு. ரிஸ்க்கே வேணாம். இனிமே க்ளோசப்பெல்லாம் மேடத்துக்கு.”

வெள்ளைத்துணி வந்து விழுந்தது. வெளிச்சம் பால் மாதிரி ஆகிவிட்டது. “ஆக்‌ஷன்!” உள்ளே இன்பசேகரன் கண்ணைத் திறந்தார். இனி மூச்சைக்கூட ஒளிக்கவேண்டியதில்லை, மெல்லிதாக விட்டால் போதும். ரூபலதா ஓடிவருகிற சத்தத்துக்குக் காலைப் பார்த்தார், துணியின் நெசவைத்தான் பார்க்கமுடிந்தது, ஆனாலும் காலைப் பார்த்தார், செருப்பு போட்ட பெரிய கால். அப்புறம் மெல்ல மேலே. முட்டி, கை, தோள். முகத்துக்கு வந்து சேர்ந்ததும் உதட்டை அசைத்தார். பாதி வார்த்தைதான் வரவேண்டும் என்று வைத்திருந்தது, தாடைக்கட்டில் பாதிதான் வந்தது. கண்ணாடி முன்னால் ஒருநாள்கூட இவ்வளவு சரியாக வந்ததில்லை. துணிக்கு அந்தப் பக்கம் ரூபலதா கதறினாள், நவீன் “ஓகே! சூப்பர்!” என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள். ரூபலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேங்க்ஸ் தேங்க்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, மரத்த காலை இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தார். ரூபலதா தன் அறைக்குப் போகிற வழியில் நின்று, “ஐயா, சாரி, முழங்கை பட்டிருச்சா?” என்று கேட்டாள். இல்லம்மா என்றார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. செம்மலர். அடித்து ஓயட்டும் என்று பார்த்தார், அது ஓயவில்லை. “அப்பா, முடிஞ்சுதா? என்னிக்குப் போடறாங்களாம்? அத்தை கேட்டுக்கினே இருக்காங்க.” கால் கட்டைவிரலில் நூல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, “இல்லம்மா, அந்த வேஷத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க” என்றார். “வேற ஆளா? யாருப்பா?” “தெரியல. யாரோ. அந்த அப்பன் பொணமாத்தான் வர்றானாம். மூஞ்சி கூடக் காட்டல.” நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்தவள் போல, “நல்லவேளைப்பா” என்றாள் அவர் மகள். “நல்லவேளை நீ இல்ல. சாப்டியா?” சாப்பிட்டேன் என்றார். அவள் போனை வைக்க மறந்துவிட்டாள். “அத்தை, அது எங்கப்பா இல்லியாம்” என்று உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது, எவ்வளவு லேசான குரல், பாவாடை கட்டின காலத்துக் குரல். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அந்த வீட்டுச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். குக்கர் விசில், யாரோ நாற்காலி இழுப்பது, டிவி. “பாடி எங்கப்பா? தூக்கற ஷாட், சீக்கிரம்” என்று முன்பக்கமிருந்து நவீனின் குரல் வந்தது. இன்பசேகரன் எழுந்து போனார். பச்சை ஓலை முடைந்த பாடை நடுக்கூடத்தில் தயாராக இருந்தது. ஏறிப் படுத்தார். ஜெபமலர் குனிவதற்குள் துணியை அவரே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.